நகரத்தைத் தாங்கிப் பிடிக்கும் தண்ணீர்!

செக்கில் எள் ஆட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எள் நன்றாக அரைபட்ட பிறகும் எண்ணெய் உடனே பிரிந்து வந்துவிடாது. கருப்பட்டியைப் போட்டு, அளவாகத் தண்ணீர் தெளித்து ஆட்டினால்தான் பிண்ணாக்கு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என ஒதுங்கும். தண்ணீர் கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல். அந்தப் பக்குவம் தெரிந்தவர்தான் நல்ல செக்குக்காரர்.

பூமிக்கு அடியில் இருக்கும் கச்சா எண்ணெய்க்கும் இதே போன்ற ஒரு கதை உண்டு. வயதான எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெய் வரத்து குறைந்ததும், பக்கத்தில் வேறொரு கிணறு தோண்டி அதன் வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறார்கள். உள்ளே போகும் தண்ணீர், பாறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை நகர்த்திக்கொண்டு போய் அடுத்த கிணற்றில் சேர்க்கிறது. சவுதி அரேபியாவின் கவார், நம் மும்பை ஹை என உலகின் பெரிய எண்ணெய் வயல்கள் பலவும் பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதில் என்ன சுவாரஸ்யம் என்கிறீர்களா? இதே தண்ணீர்தான், கடலுக்குள் போய்க்கொண்டிருந்த ஓர் அமெரிக்க நகரத்தைத் தடுத்து நிறுத்தியது. அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் 5 பேரைப் பலிகொண்ட ஒரு விபத்திலும் இதே தண்ணீரின் பெயர் அடிபட்டது. இந்த வாரம் அந்தக் கதை.

குளம் இல்லை, பாறை!

பூமிக்கு அடியில் எண்ணெய் பெரிய குளம்போலத் தேங்கி நிற்கும், குழாயை இறக்கினால் இளநீர் மாதிரி உறிஞ்சிவிடலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது பாறை. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளின் நுண்ணிய துளைகளுக்குள் எண்ணெயும் உப்பு நீரும் வாயுவும் கலந்து அடைபட்டுக் கிடக்கின்றன. மேலே இருக்கும் பல ஆயிரம் அடி மண்ணும் பாறையும் அழுத்திக்கொண்டிருப்பதால், உள்ளே அழுத்தம் மிக அதிகம்.

புதிதாகக் கிணறு தோண்டும்போது, அந்த அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிவிடும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் பொங்கி வருமே, அதுபோல. பாட்டிலில் வாயு போன பிறகு என்ன ஆகும்? சோடா அப்படியே உள்ளே நிற்கும். எண்ணெய்க் கிணற்றிலும் இதுதான் நடக்கிறது. அழுத்தம் குறையக் குறைய எண்ணெய் வருவது நிற்கிறது. அப்போது 'கிணறு வற்றிவிட்டது' என்கிறோம். ஆனால், இயற்கையான அழுத்தத்தை மட்டும் நம்பினால் பல வயல்களில் மொத்த எண்ணெயில் பத்தில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மிச்சமெல்லாம் பாறைக்குள்ளேயேதான் இருக்கிறது.

தண்ணீரைச் செலுத்தினால் இது 20 முதல் 40 சதவிகிதம் வரை உயரும். தண்ணீர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. எண்ணெய் காலி செய்த இடத்தை நிரப்பி அழுத்தத்தைக் காப்பாற்றுகிறது. துளைகளில் தங்கிய எண்ணெயைத் துடைப்பம்போல முன்னே தள்ளுகிறது.

விபத்தில் கிடைத்த வித்தை

இதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற எண்ணெய் வயல். 1871-ல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வயல், 1881-ல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டு மட்டும் சுமார் 2.3 கோடி பேரல். அமெரிக்காவின் எண்ணெயில் பெரும்பகுதி அப்போது அங்கிருந்துதான் வந்தது. அதன் பிறகு சரசரவென்று சரிவு.

கைவிடப்பட்ட கிணறுகளை அன்று யாரும் ஒழுங்காக மூடவில்லை. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாக, மேல்மட்டத்து நிலத்தடி நீர் எண்ணெய்ப் பாறைக்குள் இறங்கியது. அந்தக் கிணறு கெட்டுப்போனது. ஆனால், சற்றுத் தள்ளியிருந்த கிணறுகளில் எண்ணெய் வரத்து கூடியது! மாநிலப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜான் கார்ல், தண்ணீர் புகுவதால் எண்ணெய் அதிகம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று 1880-லேயே எழுதிவைத்தார்.

ஆனால், சட்டம் குறுக்கே நின்றது. எண்ணெய்ப் பாறைக்குள் தண்ணீரை விடுவது அடுத்தவர் கிணற்றைக் கெடுக்கும் வேலை என்பதால் அதற்குத் தடை இருந்தது. சிலர் ரகசியமாகச் செய்தார்கள். 1921-ல்தான் பென்சில்வேனியா இதைச் சட்டபூர்வமாக்கியது. 'முடிந்துபோன வயல்' என்று எல்லோரும் கைவிட்ட பிராட்ஃபோர்டு, 1937-ல் கிட்டத்தட்ட 1.7 கோடி பேரல் கொடுத்து இரண்டாவது முறையாக உச்சம் தொட்டது.

குழாய்த் தண்ணீர் போதாது

தண்ணீரைத் தள்ளுவது என்றால் மோட்டார் போட்டு ஊற்றிவிடுவதில்லை. கிணறுகளை ஒரு கோலம்போல அமைக்கிறார்கள். நான்கு மூலைகளில் தண்ணீர்க் கிணறு, நடுவில் எண்ணெய்க் கிணறு என்பது பிரபலமான ஓர் அமைப்பு. நான்கு பக்கமிருந்தும் நெருக்கினால் எண்ணெய் நடுவுக்குத்தானே வந்தாக வேண்டும்?

தண்ணீரின் தரமும் முக்கியம். தூசியும் பாசியும் இருந்தால் பாறையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். அதனால் வடிகட்ட வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் குழாய்கள் துருப்பிடிக்கும், அதையும் நீக்க வேண்டும். கடல் நீரில் சல்ஃபேட் இருக்கிறது. அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் பாறைக்குள் குடியேறினால், அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். சல்ஃபேட்டும் பாறை நீரில் உள்ள பேரியமும் சேர்ந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அப்படிக் கிணற்றுக் குழாயில் படிந்து அடைத்துவிடும். உப்புத் தண்ணீரே ஆனாலும், அதைச் சுத்தம் செய்யத் தனித் தொழிற்சாலையே வேண்டும். கவார் வயலுக்கு, பாரசீக வளைகுடாக் கரையில் இருக்கும் குரய்யா என்ற இடத்தில் கடல் நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள்.

கடைசியில் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். பாறையில் எந்த வழி சுலபமோ அந்த வழியாகக் குறுக்கே ஓடி, எண்ணெய்க் கிணற்றுக்கே வந்து சேரும். அதன்பின் எண்ணெயோடு தண்ணீரும் மேலே வரும். வயதாக ஆக எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடும். மேலே வந்ததைப் பிரித்து, எண்ணெயை எடுத்துக்கொண்டு, தண்ணீரைத் திரும்பவும் உள்ளே அனுப்ப வேண்டும். பழைய வயல்களை நடத்துபவர்கள் எண்ணெய் வியாபாரிகள் என்று பெயர்தான். பெரும்பாலான நேரம் அவர்கள் தண்ணீரைத்தான் கையாள்கிறார்கள்.

ஆண்டுக்கு 2 அடி

இப்போது கலிஃபோர்னியாவின் லாங் பீச். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே இருக்கும் துறைமுக நகரம். 1930-களில் இங்கே வில்மிங்டன் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிகப்பெரிய வயல்களில் ஒன்று. துறைமுகத்துக்கு நேர் அடியிலேயே எண்ணெய்! நகர நிர்வாகத்துக்கும் பணம் கொட்டியது.

1940-களின் தொடக்கத்தில் அளவெடுத்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நிலம் இறங்கிக்கொண்டிருந்தது. கடற்படைக் கப்பல் தளம் கட்டுவதற்காக நிலத்தடி நீரை இறைத்ததுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். தளம் கட்டி முடித்த பிறகும் நிலம் இறங்குவது நிற்கவில்லை.

காரணம் 2,000 அடிக்கும் கீழே இருந்தது. வில்மிங்டனின் எண்ணெய் இருந்தது இறுகிய பாறையில் இல்லை. தளர்வான மணல் அடுக்குகளில். மணலுக்கு இடையில் இருந்த எண்ணெயும் அதன் அழுத்தமும்தான் மேலே இருந்த சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தன. எண்ணெயை எடுக்க எடுக்க அந்தத் தாங்கல் போனது. மணல் நெருங்கி அமுங்கியது. பஞ்சு போன மெத்தை மாதிரி, நகரம் நடுவில் குழிந்தது.

1950-களின் தொடக்கத்தில், மிக மோசமாக இருந்த இடத்தில் ஆண்டுக்கு 2 அடிக்கும் மேல் நிலம் இறங்கியது. ஒட்டுமொத்தமாகக் குழியின் மையத்தில் இறங்கிய ஆழம் எவ்வளவு தெரியுமா? 29 அடி! மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். துறைமுகப் படகுத்துறைகளை மண் கொட்டி உயர்த்தினார்கள். கடல் உள்ளே வராமல் இருக்கத் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கடற்படைத் தளத்தின் சில பகுதிகள் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டன. பாலங்களும் ரயில் பாதைகளும் குழாய்களும் முறுக்கிக்கொண்டன. நிலத்தடி அடுக்குகள் திடீரென நழுவி, சிறு நில அதிர்வுகள் ஏற்பட்டன. 1949-ல் நடந்த ஒரே அதிர்வில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளின் குழாய்கள் பூமிக்குள்ளேயே சேதமடைந்தன. சேதத்தின் மொத்த மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். அந்தக் காலத்து டாலரில்!

மருந்து இருந்தது, குடிக்க ஆள் இல்லை

தீர்வு என்ன என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எடுத்த எண்ணெய்க்கு ஈடாகத் தண்ணீரை உள்ளே செலுத்தி, அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 1950-களின் முற்பாதியில் சோதனை முறையில் செய்தும் பார்த்தார்கள். பலன் தெரிந்தது.

பிறகு ஏன் தாமதம்? மேலே நிலம் பல பேருக்குச் சொந்தம். கீழே எண்ணெய் அடுக்கு ஒன்றுதான். நான் செலவு செய்து என் இடத்தில் தண்ணீரைத் தள்ளினால், எண்ணெய் வேலி தாண்டி அடுத்தவர் கிணற்றுக்குப் போய்விடும். செலவு எனக்கு, வரவு அவருக்கு. அப்படியானால் யார் முதலில் தொடங்குவார்கள்? பொதுக் கிணற்றைத் தூர்வார யாருமே முன்வராத ஊர் நிலைமைதான்.

கடைசியில் மத்திய அரசே நீதிமன்றம் போனது. தன் கடற்படைத் தளம் மூழ்குவதைத் தடுக்கச் சொல்லி, மாநிலம், நகரம், எண்ணெய் நிறுவனங்கள் என எல்லோர் மீதும் வழக்கு. 1958-ல் கலிஃபோர்னியா, நிலம் இறங்குவதைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சொத்துகள் தனித்தனியாக இருந்தாலும், எண்ணெய் வயலை எல்லோரும் சேர்ந்து ஒரே அலகாக நடத்த அது வழி செய்தது. அதே ஆண்டு பெரிய அளவில் தண்ணீர் செலுத்தும் வேலை தொடங்கியது. 1960-களின் பிற்பாதிக்குள் பெரும்பாலான இடங்களில் நிலம் இறங்குவது நின்றேவிட்டது. சில இடங்களில் ஏறக்குறைய 1 அடி மேலே எழும்பவும் செய்தது.

1 அடிதான். 29 அடியும் திரும்பி வரவில்லை. ஒருமுறை அமுங்கிய மணல் பழையபடி விரியாது. தண்ணீரால் மேலும் சரியாமல் பிடிக்க முடியும். போனதை மீட்க முடியாது. 15 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கும் அடிகளை லாங் பீச் நிரந்தரமாக இழந்தது.

ஊர் மக்கள் பாடம் கற்றார்கள். கடலுக்கு அடியில் இருந்த வயலின் கிழக்குப் பகுதியில் எண்ணெய் எடுக்கலாமா என்று 1962-ல் வாக்கெடுப்பு நடந்தது. நிலம் இறங்காமல் ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் செலுத்தப்படும் என்ற நிபந்தனையோடுதான் சம்மதம் கிடைத்தது. அதற்காகக் கரைக்கு அருகே 4 செயற்கைத் தீவுகளைக் கட்டினார்கள். எண்ணெய்க் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அலங்காரச் சுவர்கள், பனை மரங்கள், செயற்கை அருவிகள்! டிஸ்னிலேண்டில் வேலை பார்த்த ஜோசப் லினெஷ்தான் அந்த அலங்காரத்தை வடிவமைத்தார். உயிரிழந்த 4 விண்வெளி வீரர்களின் பெயர்கள் தீவுகளுக்குச் சூட்டப்பட்டுள்ளன. கரையில் நடப்பவர்களுக்கு ஏதோ சொகுசு விடுதி மாதிரித்தான் தெரியும்.

அதே தண்ணீர், வேறு முகம்

இதோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால், லாங் பீச் மீண்டு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் இருக்கும் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் 1963 டிசம்பர் 14 அன்று குடிநீர் நீர்த்தேக்கம் ஒன்றின் சுவர் உடைந்தது. காலையில் கசிவைக் கவனித்த ஊழியர்கள் எச்சரித்ததால், போலீஸார் வீடு வீடாகப் போய் மக்களை வெளியேற்றினார்கள். மதியம் மூன்றரை மணிக்கு மேல் சுவர் பிளந்து, தண்ணீர் குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. 5 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் நாசமாயின.

நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே இங்கிள்வுட் எண்ணெய் வயல். அங்கேயும் எண்ணெய் எடுத்ததால் நிலம் இறங்கியிருந்தது. 1950-களிலிருந்து தண்ணீரும் செலுத்தப்பட்டது. டக்ளஸ் ஹாமில்டன், ரிச்சர்ட் மீஹன் ஆகிய இருவரும் 1971-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதிக அழுத்தத்தில் செலுத்திய தண்ணீர் பூமிக்குள் இருந்த பிளவுகளில் புகுந்து, அவற்றை நழுவவைத்து, நீர்த்தேக்கத்தின் அடித்தளத்தைக் கிழித்துவிட்டது என்பது அவர்களின் வாதம்.

தண்ணீருக்கும் நில அதிர்வுக்கும் உள்ள தொடர்பை அடுத்த சில ஆண்டுகளில் ஒரு சோதனையே நிரூபித்தது. கொலராடோ மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் 1973 வரை அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் அதை நடத்தியது. பாறைக்குள் நீரின் அழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் சிறு அதிர்வுகள் தொடங்கின. இறக்கினால் அடங்கின. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைப்பது மாதிரி!

பாறையின் குணமும் முக்கியம். நார்வேயின் கடலில் இருக்கும் எகோஃபிஸ்க் வயலில் 1971-ல் உற்பத்தி தொடங்கியது. கடல் தரை இறங்கிக்கொண்டிருப்பது 1984-ல்தான் தெரிந்தது. 1987-ல், கடலில் நின்ற மேடைகளை அப்படியே ஜாக்கி வைத்து 6 மீட்டர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு தண்ணீரும் செலுத்தத் தொடங்கினார்கள். எண்ணெய் அமோகமாகக் கிடைத்தது. 17 சதவிகிதம்தான் எடுக்க முடியும் என்று நினைத்த வயலில், சுமார் 50 சதவிகிதம் கிடைக்கும் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். ஆனால், லாங் பீச்சைப்போல நிலம் உடனே நிற்கவில்லை. அங்கே இருந்தது சாக்பீஸ் போன்ற மென்மையான சுண்ணப் பாறை. தண்ணீர் பட்டதும் அந்தப் பாறையே பலமிழந்து மேலும் அமுங்கியது. ஓர் ஊரில் மருந்தானது இன்னோர் ஊரில் பக்கவிளைவோடுதான் வந்தது.

நம் மும்பை ஹை

நமக்கும் இதில் பங்கு உண்டு. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில், 'சாகர் சாம்ராட்' துளையிடும் மேடை 1974-ல் கண்டுபிடித்த மும்பை ஹை வயலில், 1976-ல் உற்பத்தி தொடங்கியது. 1984-லிருந்து அங்கே கடல் நீரைச் சுத்திகரித்துச் செலுத்துகிறார்கள். அரை நூற்றாண்டு உழைத்துக் களைத்த வயல் அது. அதன் உற்பத்தியை உயர்த்த, பிரிட்டனின் பிபி நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணையாக ஓ.என்.ஜி.சி. 2025 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது. தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, பழைய கிணற்றிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு பேரலும் லாபம்தான்.

அந்த லாபத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தண்ணீர் விட்டுத் தண்ணீர் விட்டு எடுக்கும் எண்ணெயும் கடைசியில் எரியத்தான் போகிறது. பூமியின் சூட்டைக் குறைக்க உலகம் முயன்றுகொண்டிருக்கும்போது, ஓய்வு பெற வேண்டிய கிணறுகளுக்கு ஆயுளை நீட்டிக்கொண்டே போகலாமா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

நிறுத்தும் நாளில்...

லாங் பீச்சில் இன்று மேலே வரும் 100 பேரல் திரவத்தில் 95-க்கும் மேல் தண்ணீர்தான். எண்ணெய் மிகக் கொஞ்சம். வயல் தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. ஆனாலும், எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறோம் என்ற கணக்கை நகரம் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலத்தின் உயரத்தை அளக்கிறார்கள். எண்ணெய் எடுப்பதை நிறுத்தும் நாளில், ஆயிரக்கணக்கான கிணறுகளை ஒழுங்காக மூட வேண்டும். அதற்கான பணத்தை, எண்ணெய் வருமானம் இருக்கும்போதே சேர்த்துவைத்தாக வேண்டும். பிராட்ஃபோர்டில் மூடாமல் விட்ட கிணறுகள் என்ன செய்தன என்று பார்த்தோமே! அங்கே அதிர்ஷ்டவசமாக எண்ணெய் கூடியது. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

லாபம் வரும்போது எடுத்துக்கொள்ள எல்லோரும் இருப்பார்கள். எடுத்த இடத்தை நிரப்ப மட்டும் வழக்கும் சட்டமும் வர வேண்டியிருந்தது. அதற்குள் 29 அடி போய்விட்டது. நம் கடலிலோ நிலத்திலோ எங்கே எண்ணெய் எடுத்தாலும், 'எவ்வளவு கிடைக்கும்?' என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் முதல் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது. உள்ளே எதைத் திருப்பி வைக்கப்போகிறீர்கள்? நிலத்தின் உயரத்தை அளக்கப்போவது யார்?